சாணளவு நீரில் தோணி செலுத்தும் கலை

வட அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வாத்து வேட்டைக்குச் செல்வோர் ஏறிச் செல்லும் சிறு தோணி ஏனைய தோணிகளைப் போன்றதன்று. மீன்பிடித் தோணி ஆழத்தை நாடிச் செல்லும். சரக்குத் தோணி துறைவிட்டுத் துறை செல்லும். வேட்டைத் தோணியோ ஆழமற்ற இடத்தையே தேடிச் செல்லும். வாத்தினங்கள் பல இரை தேடுவது சாணளவு, முழமளவு நீர் நிற்கும் சதுப்பு நிலங்களிலேயே. தலையை நீருள் அமிழ்த்தி, வாலை மேலே தூக்கி, சேற்றிலுள்ள விதைகளையும் கிழங்குகளையும் புழுக்களையும் உண்ணும் பறவைக்குத் தன் கழுத்து எட்டும் ஆழம் போதும். பறவை நிற்கும் இடத்துக்கே வேட்டைக்காரனும் போக வேண்டியிருக்கிறது. அங்கே தோணியை மிதக்க விடுவது ஒரு வேலை. நின்றுவிட்ட தோணியை மீண்டும் நகரச் செய்வது அதனினும் பெரிய வேலை.

வேட்டையைப் புகழ்வது நம் நோக்கமன்று. ஆகவே, உயிர்க்கொலையை விரும்பாத வாசகர்கள் இக்கட்டுரையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஒரு சாண் நீரில் ஒரு தோணியை நகர்த்துவதில் எத்தனை பௌதிக விதிகள் அடங்கியுள்ளன, அவற்றை அறிந்தவர் எவ்வாறு எளிதில் மீள்கின்றனர், அறியாது பலத்தை மட்டும் நம்பியவர் எவ்வாறு இடர்ப்படுகின்றனர் என்பதைக் காட்டுவதே நம் எண்ணம். யாழ்ப்பாணக் கடனீரேரியில் மரக்கோல் ஊன்றி வள்ளம் தாங்கிச் செல்லும் தொழிலாளரைக் கண்ட மாணவர்க்கு இதிற் பெரும்பகுதி அந்நியமாகத் தோன்றாது. அவர்கள் கைகள் அறிந்ததையே நாம் இங்கு கணக்காகக் காணப்போகின்றோம்.

ஓர் அங்குலத்தின் விலை

12 அடி நீளமும் 3 அடி அகலமும் கொண்ட, அடிப்பாகம் தட்டையான ஒரு தோணியை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாகும் பொருட்டு இரு முனைகளும் குறுகாது சதுரமாயிருப்பதாகக் கொள்வோம். அடிப்பாகத்தின் பரப்பு 36 சதுர அடி. இத்தோணி ஓர் அங்குலம் அமிழ்ந்தால் 3 கன அடி நீரை இடம்பெயர்க்கும். ஒரு கன அடி நன்னீரின் நிறை ஏறத்தாழ 62.4 இறாத்தல். ஆகவே, ஆக்கிமிடீசின் தத்துவப்படி, ஒவ்வோர் அங்குல அமிழ்வுக்கும் இத்தோணி 187 இறாத்தல் பாரத்தைத் தாங்கும்.

இனிப் பாரத்தைக் கூட்டிப் பார்ப்போம். தோணி 130 இறாத்தல். குளிருக்கேற்ற தடித்த உடை அணிந்த இருவர் 380. துப்பாக்கிகள், தோட்டாக்கள், பறவைகளை ஏமாற்றி அழைக்க நீரில் மிதக்கவிடும் பொய்வாத்துகள், உணவு ஆகியன 100. சுட்ட பறவையை நீந்தி எடுத்துவரும் நாய் 60. ஆக 670 இறாத்தல். இதை 187 ஆல் வகுத்தால் மூன்றரை அங்குலத்துக்குச் சற்று மேலாகும். நாலங்குல நீரில் இத்தோணி மிதக்க வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது.

ஆயினும் தோணி மிதப்பதில்லை. ஏன்? ஒருவர் பின்புறத்தில் அமர்ந்து, பாரமான பொருள்களையும் தம் காலடியிலேயே வைத்துக்கொண்டால், பின்புறம் 5 அங்குலமும் முன்புறம் 2 அங்குலமுமாகத் தோணி சாய்ந்துவிடும். சராசரி மூன்றரை அங்குலமே. ஆனால் தரையில் முட்டுவது சராசரியன்று, பின்புறமே. தோணியின் முன்பாதி சுதந்திரமாக மிதக்க, பின்முனை சேற்றில் ஊன்றி நிற்கும். அந்நிலையில் எவ்வளவு தள்ளினும் அது கலப்பை போலச் சேற்றை உழுமேயன்றி நகராது. பின்னால் இருப்பவர் இரண்டடி முன்னே நகர்ந்து, தோட்டாப் பெட்டியையும் முன்னே தள்ளிவிட்டால் தோணி தானாகவே மிதந்துவிடும்.

ஆகவே, ஆழமற்ற நீரில் செய்யவேண்டிய முதற்காரியம் தள்ளுவதன்று. பாரத்தைச் சமன் செய்வது. இரண்டாவது காரியம் பாரத்தைக் குறைப்பது. ஒருவர் இறங்கினால் தோணி ஓர் அங்குலம் எழும். தேவையற்ற பொருளைக் கரையிலேயே விட்டுவந்தவர் அந்த அங்குலத்தை முன்கூட்டியே சம்பாதித்தவராவர்.

மூன்று தோணிகள்

இந்தக் கணக்கைக் கல்லூரியிற் படியாத தச்சர்கள் தம் அனுபவத்தாலேயே கண்டறிந்தனர். ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்துக் கரையோரத்தில் பார்னகற் விரிகுடா என்ற ஆழமற்ற நீர்ப்பரப்பு உண்டு. அங்கே வெஸ்ற் கிறீக் என்னும் ஊரிலிருந்த ஹேசல்ற்றன் சீமன் என்ற தோணி கட்டுநர் 1836 ஆம் ஆண்டில் ஒரு புதிய வேட்டைத் தோணியை அமைத்தார். ‘ஸ்னீக்பொக்ஸ்’ என்று பெயர் பெற்ற அதனை நாம் ‘பதுங்குபெட்டி’ எனலாம். ஏறத்தாழ 12 அடி நீளம்; அடிப்பாகம் கரண்டியின் முதுகைப் போல வளைந்தது; மேற்புறம் ஒரு மனிதன் படுப்பதற்கான துவாரம் தவிர முழுவதும் மூடப்பட்டது. புல்லைப் பரப்பி மறைத்துவிட்டால் சதுப்பிலுள்ள ஒரு மேடு போலவே தோன்றும். கூரிய முன்முனை நீரைக் கிழிக்கும்; கரண்டி வடிவமோ நீரின்மேல், வேண்டுமாயின் சேற்றின்மேலும், ஏறிச் சறுக்கும். இத்தகைய தோணி ஒன்றில் நதானியேல் பிஷப் என்பவர் 1875 இல் புறப்பட்டு, ஒகையோ, மிசிசிப்பி ஆறுகளின் வழியே மெக்சிக்கோ வளைகுடாவரை 2,600 மைல் பயணஞ்செய்து, அதனை 1879 இல் நூலாகவும் வெளியிட்டார்.

தெற்கே லூயிசியானாவின் சதுப்புகளில் வாழ்வோர் ‘பிரோக்’ என்ற ஒடுங்கிய தோணியைப் பயன்படுத்தினர். பண்டு சைப்பிரஸ் மரத்தைக் குடைந்தும், பின்னர்ப் பலகைகளை இணைத்தும் அதனைச் செய்தனர். கனத்த பனி பெய்த புல்லின்மேலும் அது மிதக்கும் என்று அவ்வூரார் பெருமை பேசுவது வழக்கம். ஒருவர் மட்டும் ஏறும் இலேசான தோணியாதலின் அப்பெருமைக்குச் சற்று இடமுண்டு.

இங்கிலாந்தின் தென்கரையில் ‘பண்ற்’ என்ற நீண்டு ஒடுங்கிய தட்டைத் தோணி வழங்கிற்று. பெரும் துப்பாக்கி ஒன்று அதன் முன்புறத்தில் பொருத்தப்பட்டிருக்கும். தலவேராப் போரிற் காயமுற்ற போர்வீரரான கேணல் பீற்றர் ஹோக்கர் இவ்வகை வேட்டையிற் பெயர்பெற்றவர்; 1814 இல் வெளியான அவருடைய நூல் இளம் வேட்டைக்காரர்க்கு நெடுங்காலம் வழிகாட்டியாக விளங்கியது. இத்தோணியிற் செல்பவர் நிமிர்ந்திருக்க இயலாது. இருந்தால் பறவை கண்டுவிடும். குப்புறப் படுத்தவாறே, பக்கத்தில் கையைத் தொங்கவிட்டு, குறுங்கோலால் தரையைத் தொட்டுத் தொட்டுத் தள்ளிச் செல்வார். ஒலியும் அசைவும் இன்றி ஒரு மைல் செல்ல எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

கோலின் இரட்டை வேலை

துடுப்பு நீரைப் பின்தள்ளித் தோணியை முன்செலுத்துவது. சாணளவு நீரில் துடுப்பின் அலகு மூழ்குவதற்கே இடமில்லை. மூழ்கினும் அது தள்ளுவது நீரையன்று, குழம்பிய சேற்றையே. ஆகவே கோல்தான் அங்கே கருவி. நியூற்றனின் மூன்றாவது விதியை விளக்க இதனினும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. மனிதன் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறான். தரை மனிதனை முன்னோக்கித் தள்ளுகிறது. அவன் பாதங்களின் வழியே அவ்விசை தோணியைச் சேருகிறது.

ஆனால் கோல் செய்யும் வேலை இரண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சாய்த்து ஊன்றிய கோலைத் தள்ளும்போது தரையின் எதிர்விசை முன்னோக்கி மட்டுமன்றி மேல்நோக்கியும் இருக்கிறது. அந்த மேல்நோக்கிய கூறு கோலைத் தள்ளுபவரின் நிறையில் ஒரு பகுதியைத் தானே தாங்குகிறது. அவர் 60 இறாத்தல் அளவுக்குக் கோலின்மேல் சாய்ந்தால் தோணியின் பாரத்தில் 60 இறாத்தல் குறையும். நாம் முன்னர்க் கூறிய தோணி ஓர் அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு எழும். தட்டி நிற்கும் தோணிக்கு அவ்வளவே போதுமானது.

இதனால்தான் தேர்ந்தவர் தரைதட்டிய தோணியை நகர்த்தும்போது முதலிற் கோலைச் சற்று நிமிர்த்தி ஊன்றி, தம் நிறையை அதன்மேற் சாய்த்துத் தோணியை இலேசாக்குகின்றனர். அசைவு தொடங்கியவுடன் கோலைப் பின்னோக்கிச் சாயவிட்டு நீளத் தள்ளுகின்றனர். கோலை எப்பொழுதும் தோணியின் பக்கத்தோடு ஒட்டியே ஊன்றுவர். விலக்கி ஊன்றினால் தோணி முன்செல்லாது திரும்பும்.

கோலின் அடிமுனையும் தரைக்கேற்ப மாறும். கல்லும் பருமணலும் உள்ள இடத்தில் இரும்பு முனை நன்று. சேற்றிலோ அது ஊசி போல் இறங்கிவிடும். தள்ளும்போது தோணி முன்செல்ல, கோல் சேற்றில் நிற்க, கோலை விடமாட்டாதவர் இரண்டுக்கும் நடுவே நீரில் விழுவார். இதற்காகவே வாத்தின் அலகு போன்ற கீல்பூட்டிய பாதம் ஒன்றைக் கோலின் முனையில் பொருத்துகின்றனர். அழுத்தும்போது அது விரிந்து சேற்றின்மேல் பரவும். இழுக்கும்போது மடங்கி எளிதில் வெளிவரும். அது கிடைக்காதவர் கவட்டையுள்ள கிளையொன்றை வெட்டிக் கோலாக்கிக்கொள்வர்.

சேற்றின் பிடி

மணலில் தட்டிய தோணி உராய்வினால் மட்டும் நிற்கிறது. களிச்சேற்றிற் பதிந்த தோணியோ வேறொரு விசையினாலும் பிடிபடுகிறது. தட்டையான அடிப்பாகத்துக்கும் சேற்றுக்கும் இடையே நீரும் காற்றும் புக வழியில்லை. தோணியை உயர்த்த முயன்றால் அவ்விடத்து அழுக்கம் குறைய, மேலுள்ள வளிமண்டலமும் நீரும் தோணியைக் கீழே அழுத்துகின்றன. வயலிற் புதைந்த காலைப் பிடுங்கும்போது உண்டாகும் ஒலியைக் கேட்ட எவரும் இவ்விசையை அறிவர்.

நேராக இழுத்து இப்பிடியை வெல்ல முயல்வது வீண். தோணியை இடமும் வலமுமாக மெல்ல ஆட்ட வேண்டும். ஒருபக்கம் எழும்போது அதன் கீழே நீர் புகும். மறுபக்கம் எழும்போது அங்கும் புகும். சிறிது நேரத்தில் அடிப்பாகம் முழுவதும் நீரின் ஓர் ஏடு பரவிவிடும். பின்பு ஒரே தள்ளலில் தோணி வழுக்கிச் செல்லும். வந்த வழியில் நீர் உண்டு என்பது நிச்சயம். முன்னே உண்டா என்பது நிச்சயமன்று. ஆதலால் தட்டிய தோணியை வந்த வழியே பின்னோக்கி நகர்த்துவதே அறிவுடைமை.

இறங்கித் தள்ளுவது கடைசி உபாயமாகவே இருக்க வேண்டும். இறங்கும் முன் கோலால் தரையை ஆழம் பார்க்க வேண்டும். கோல் தானாகவே இறங்கும் சேற்றில் மனிதன் நிற்க முடியாது. இறங்கியே தீரவேண்டுமாயின் தோணியின் விளிம்பை இரு கைகளாலும் பற்றி, உடலின் பாரத்தைத் தோணியிற் கிடத்தி, கால்களால் உதைத்துச் செல்வது பாதுகாப்பானது. இங்கிலாந்தின் சேற்றுக்கரை வேட்டைக்காரர் பாதங்களில் அகன்ற பலகைகளைக் கட்டிக்கொண்டு தோணியைச் சேற்றின்மேல் தள்ளிச் செல்வதுண்டு. நிறையைப் பெரிய பரப்பிற் பரப்பினால் அழுக்கம் குறையும் என்ற விதியே அங்கும் செயற்படுகிறது.

நீர் இடும் வேகத்தடை

தோணி மிதந்துவிட்டது, இனி விரைவாகச் செல்லலாமா? அங்கும் இயற்கை ஓர் எல்லை இட்டிருக்கிறது. ஆழமற்ற நீரில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. புவியீர்ப்பு ஆர்முடுகலை ஆழத்தாற் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் அவ்வேகம் கிடைக்கும். ஓரடி ஆழத்தில் அது மணிக்கு ஏறக்குறைய 4 மைல். அரையடி ஆழத்தில் 2.7 மைல். இவ்வேகத்தை நெருங்கும் தோணி தான் எழுப்பிய அலையைத் தாண்ட மாட்டாது அதனையே சுமந்து தள்ளத் தொடங்குகிறது. அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய வழியில் நீர் விரைந்தோடுவதால் அழுக்கம் குறைகிறது; பேணூலியின் தத்துவப்படி தோணி கீழே இழுக்கப்படுகிறது. பின்புறம் மேலும் தாழ்ந்து சேற்றைத் தொடுகிறது. எனவே அரையடி நீரில் கோலூன்றுபவர் நடைவேகத்துக்கு மேல் முயல்வதாற் பயனில்லை. மெல்லத் தள்ளுபவர் களைப்பின்றி முன்சென்றுவிடுவார். வேகமாகத் தள்ளுபவர் தரைதட்டி நிற்பார்.

இயந்திரங்கள் வந்த கதை

1909 இல் ஓலி எவின்றூட் என்பவர் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் தோணியின் பின்புறத்தில் மாட்டும் வெளியிணைப்பு இயந்திரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தார். தோணி உலகமே மாறியது. ஆனால் சதுப்பு நிலம் எளிதில் இணங்கவில்லை. அவ்வியந்திரத்தின் சுழல்விசிறி தோணியின் அடிப்பாகத்துக்குக் கீழே தொங்குகிறது. தோணி 5 அங்குலம் அமிழ்ந்தால் விசிறிக்கு ஓரடிக்கு மேல் நீர் வேண்டும். இயந்திரத்தைக் குளிரச் செய்ய உறிஞ்சும் நீரோடு சேறும் மணலும் ஏறி உட்பாகத்தைத் தேய்த்துவிடும். நீர்ப்பாசி விசிறியைச் சுற்றிக்கொள்ளும்.

இதற்கு மூன்று வகையான பரிகாரங்கள் தோன்றின. முதலாவது, விசிறியை நீரிலிருந்தே எடுத்துவிடுவது. தொலைபேசியாற் புகழ்பெற்ற அலெக்சாந்தர் கிரகாம் பெல்லின் குழுவினர் 1905 இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், காற்றைத் தள்ளும் விசிறி பொருத்திய படகொன்றைச் சோதித்தனர். பின்னர்ப் புளோரிடாவின் சதுப்புகளில் இத்தகைய வான்விசிறிப் படகுகள் பரவின. பறவைக் காப்பகங்களிற் பணிபுரிவோரும் இவற்றை விரும்பினர். யூற்றா மாநிலத்தின் பெயார் ரிவர் காப்பகத்தில் 1943 இல் தம் பணிக்கென ஒன்றைக் கட்டினர். ஈரப்புல்லின்மேலும் இது செல்லும். ஆனால் இதற்குத் தடுப்பு இல்லை. பின்னோக்கிச் செலுத்தவும் இயலாது. இரைச்சலோ காதைச் செவிடாக்கும்.

இரண்டாவது, நீரை உள்ளே இழுத்துப் பின்னே பீச்சுவது. நியூசிலாந்தின் ஆழமற்ற ஆறுகளில் ஓடுவதற்காக வில்லியம் ஹமில்ற்றன் 1954 இல் இம்முறையைச் செம்மைப்படுத்தினார். பரற்கல் நிறைந்த தெளிந்த ஆற்றுக்கு இது நன்று; பாசியும் சேறும் மண்டிய இடத்தில் இதன் வாய் அடைபட்டுப்போகும்.

மூன்றாவது ஆசியாவுக்கு உரியது. தாய்லாந்தின் கால்வாய்களில் ஓடும் நெடுவால் தோணிகளில், நீண்ட தண்டின் நுனியில் விசிறி இருக்கும். தோணிக்குப் பின்னால், நீர்மட்டத்தை ஒட்டி அது சுழலும். இதனையொத்த அமைப்பே 1970களில் லூயிசியானாவின் வாத்து வேட்டைக்காரரிடையே ‘சேற்று மோட்டார்’ என்ற பெயரிற் பரவலாயிற்று. காற்றினாற் குளிரும் இயந்திரமாதலின் நீரை உறிஞ்சவேண்டியதில்லை. விசிறி நீரும் சேறும் கலந்த குழம்பிலும் சுழலும். கட்டையில் முட்டினால் தண்டு மேலெழுந்து தப்பிவிடும்.

ஆயினும் எந்த இயந்திரத்துக்கும் புறப்படுவதே கடினம். வேகம் பெற்றுவிட்ட தோணி நீர்மேல் எழுந்து சறுக்குவதால் மூன்றங்குல நீரையும் கடந்துவிடும். அதே இடத்தில் நின்றுவிட்டால் மீண்டும் புறப்பட இயலாது. நின்ற தோணியில் இயந்திரத்தை முடுக்கியதும் விசிறி பின்புறத்தின் கீழிருக்கும் சொற்ப நீரையும் இழுத்து வெளியே எறிந்துவிடும், முன்புறம் எழும், பின்புறம் சேற்றில் அமரும். அனுபவசாலிகள் செய்வது வேறு. பாரத்தை முன்னே நகர்த்துவர். கோலால் தோணியை ஆழமான பக்கம் திருப்புவர். கோலாலேயே அதற்கு ஓர் அசைவைக் கொடுப்பர். அதன் பின்னரே இயந்திரத்தை மெல்ல முடுக்குவர். எத்தனை குதிரைவலு இருப்பினும் முதல் அசைவு கோலிலிருந்தே பிறக்கிறது. நிறுத்தும்போதும் அவர்கள் ஆழம் உள்ள இடம் பார்த்தே நிறுத்துவர்.

வற்றும் நீரும் வீசும் காற்றும்

தோணி நகராவிட்டால் என்ன நேரும்? சேறு பூசிக்கொண்டு வீடு திரும்புவதோடு முடிந்தால் நன்று. ஆனால் கடலோரச் சதுப்பில் நீர் நின்றுகொண்டிருப்பதில்லை. வற்று ஏறக்குறைய ஆறு மணி நேரம் நிகழும். மொத்த வீழ்ச்சியைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, பின் இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று என நீர் இறங்கும் என்பது மாலுமிகளின் எளிய விதி. அதாவது நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்திற் பாதி நீர் போய்விடும். மொத்த வீழ்ச்சி நாலடியாயின், மூன்றாம் மணியில் ஓரடி இறங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஓரங்குலம்! நாலங்குலம் அமிழும் தோணியை ஆறங்குல நீரில் நிறுத்தியவருக்குப் பத்து நிமிடமே அவகாசம். அதைத் தவறவிட்டால் மறு ஏற்றம் வரும்வரை குளிரிற் காத்திருக்க வேண்டும். பொறுமையிழந்து சேற்றில் இறங்கினால் அது உயிர்க்கு உலை.

காற்று மற்றோர் எதிரி. 1940 ஆம் ஆண்டு நொவெம்பர் 11 ஆம் திகதி, முதல் உலகப்போர் ஓய்ந்த நாளின் நினைவு விடுமுறை. மேல் மிசிசிப்பி ஆற்றின் கிளைநீர்களுக்கு வாத்து வேட்டைக்காரர் பெருந்தொகையாகச் சென்றிருந்தனர். காலை இதமாக இருந்ததால் பலர் இலேசான உடையே அணிந்திருந்தனர். அன்றே கடும்புயலும் பனியும் வீசின. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே வீழ்ந்தது. அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் 140 பேருக்கு மேல் மாண்டனர். மினசோற்றா மாநிலத்தில் மட்டும் 49 பேர். அவர்களுட் பாதியளவினர் வாத்து வேட்டைக்காரர். தீவுகளிற் சிக்கி விறைத்தவரும் உண்டு. சிறு தோணியிற் கரைசேர முயன்று மூழ்கியவரும் உண்டு. மறுநாள் வினோனா நகரத்து விமானி மக்ஸ் கொன்றாட் சிறு விமானத்திற் பறந்து, உயிரோடிருந்தவர்க்கு உணவும் பிறவும் போட்டு, கரைக்கு வழியும் காட்டினார்.

இந்நிகழ்ச்சியில் நம் பொருளுக்குரிய பாடம் ஒன்றுண்டு. சாணளவு நீரில் மிதப்பதற்காகத் தட்டையாகவும் தாழ்வாகவும் கட்டிய தோணியின் விளிம்பு நீர்மட்டத்துக்கு மேல் சில அங்குலமே நிற்கும். ஆழமற்ற நீரில் காற்று எழுப்பும் அலை குறுகியதாகவும் செங்குத்தாகவும் இருக்கும். எந்த அமைப்பு அத்தோணியைச் சதுப்பில் வெற்றி பெறச் செய்கிறதோ, அந்த அமைப்பே அகன்ற நீரில் அதைப் பலியாக்குகிறது. ஆகவே மிதவைச் சட்டையை அணிந்துகொள்வது, பாரத்தைக் குறைவாக ஏற்றுவது, போகுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிச் செல்வது, வானிலை அறிக்கையைக் கேட்பது ஆகிய நான்கும் கோலைப் போலவே தோணியின் உறுப்புகள் எனக் கொள்ளத்தக்கன.

பறவைக்கும் ஓரிடம்

ஒரு காலத்தில் ஆழமற்ற நீரே பறவைக்கு அரணாக இருந்தது. அங்கே செல்ல மனிதன் வியர்வை சிந்த வேண்டியிருந்தது. எங்கும் செல்லும் இயந்திரம் வந்தபின் அவ்வரண் தளர்ந்தது. சட்டம் அதனைத் தாங்க வேண்டியதாயிற்று. அமெரிக்கா 1918 இல் வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் கீழுள்ள விதிகளின்படி, மோட்டார்ப் படகில் இயந்திரத்தை முற்றாக நிறுத்தி, அதனால் உண்டான ஓட்டமும் நின்ற பின்னரே பறவையைச் சுடலாம். பண்டைய பெருந்துப்பாக்கிகளுக்கு அங்கு இடமே இல்லை. இங்கிலாந்திலும் துப்பாக்கி வாயின் விட்டம் ஒன்றேமுக்கால் அங்குலத்துக்கு மேற்படலாகாது என்று சட்டம் உண்டு. நம் நாட்டிலும் வன உயிரினங்களைப் பாதுகாக்கும் கட்டளைச் சட்டம் 1937 முதல் இருந்துவருகிறது.

விசிறி பறவையை மட்டுமன்றித் தரையையும் வருத்துகிறது. புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்குட்பட்ட ஆழமற்ற கடலில், இன்பத்துக்கு மீன்பிடிக்க வருவோரின் படகு விசிறிகள் கடற்புல் தரையைக் கீறிவிடுகின்றன. அக்கீறல்கள் ஆறப் பல ஆண்டுகள் செல்லும். ஆகவே 2011 இல் அங்கே ஸ்னேக் பைற் என்ற பகுதியில், பெரிய இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கோலாலோ சிறிய மின்மோட்டாராலோ மட்டுமே செல்லலாம் என விதித்தனர். ஒரு நூற்றாண்டுக் காலம் கோலை மறக்க வழி தேடிய மனிதன் கடைசியிற் சட்டத்தாலேயே கோலிடம் திரும்ப வேண்டியதாயிற்று.

மாணவர்கள் இதிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. அடுத்த முறை கடனீரேரிக் கரைக்குச் செல்லும்போது, வள்ளம் தாங்கும் தொழிலாளி தட்டிய இடத்தில் என்ன செய்கிறார் என்று நின்று பாருங்கள். முதலில் அவர் தள்ளமாட்டார். எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பார். ஓரடி முன்னே நகர்ந்து நிற்பார். வள்ளத்தை ஒருமுறை ஆட்டுவார். பிறகே கோலை ஊன்றுவார். ஆக்கிமிடீசும் நியூற்றனும் எழுதிவைத்தவை அந்த நாலு அசைவுகளில் அடங்கிக் கிடக்கின்றன.